கிளென்ரோவன் முற்றுகையும் 1881ஆம் ஆண்டு ஆணையத்தின் முன் நின்ற சாட்சிகளும்

நீதிமன்றத்தில் ஒருவர் சொல்லும் சாட்சியமும் விசாரணை ஆணையத்தின் முன் அவரே சொல்லும் சாட்சியமும் ஒரே தன்மையன அல்ல. நீதிமன்றம் ஒரு குற்றச்சாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை நிறுவவோ மறுக்கவோ தேவையான அளவுக்கு மட்டும் சாட்சியைப் பேசவிட்டு, மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது. ஆணையமோ இன்னாரைத் தண்டிப்பது என்ற முடிவின் பொறுப்பு இல்லாமல், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்பதால், வழக்கு மன்றத்தின் படியேற ஒருபோதும் வாய்ப்புப் பெறாத மனிதர்களும் அதன் முன் வந்து பேச இடம் கிடைக்கிறது. அப்படிப் பேசியவர்களின் சொல் அச்சில் நிலைத்தாலும், அது அரசின் முடிவில் எந்த அளவுக்கு எடையாக மாறியது என்பது வேறு கேள்வி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனியில் 1880 ஜூன் 28 அன்று கிளென்ரோவன் என்ற சிற்றூரில் நடந்த முற்றுகையைக் குறித்து மறு ஆண்டு அரச ஆணையம் பதிவுசெய்த சாட்சியங்களை அந்தக் கேள்வியோடு படிப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

முற்றுகைக்கு இட்டுச்சென்ற நிகழ்ச்சிகள் பலரும் அறிந்தவையாதலால் அவற்றைச் சுருங்கச் சொன்னாலே போதும். விக்டோரியாவின் வடகிழக்கில், அரசிடமிருந்து சிறு துண்டு நிலங்களைத் தவணை முறையில் பெற்று உழைத்தவர்கள் ‘செலக்டர்’ எனப்பட்டனர். அவர்களுக்கு முன்பே பரந்த மேய்ச்சல் நிலங்களைக் கைப்பற்றிச் செழித்தவர்கள் ‘ஸ்குவாட்டர்’ எனப்பட்டனர். இவ்விரு தரப்பினருக்கும் இடையே நீண்ட காலமாகப் புகைந்துவந்த பகையில், காவல்துறை பெருநிலக்காரர்களின் பக்கமே நிற்கிறது என்ற எண்ணம் ஏழை ஐரிஷ் குடும்பங்களிடையே வேரூன்றியிருந்தது. அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் நெட் கெல்லி. 1878 ஏப்ரலில் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற காவலர் கெல்லி வீட்டுக்குச் சென்றபோது எழுந்த கைகலப்பின் பேரில், நெட்டின் தாய் எலன் கெல்லிக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று, ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையருகே தேடுதல் பணியில் இருந்த கென்னடி, லோனிகன், ஸ்கான்லன் ஆகிய மூன்று காவல்துறையினரை நெட் கெல்லியின் குழு சுட்டுக் கொன்றது. அதையடுத்துக் காலனியின் சட்டமன்றம் அவசரமாக ஒரு சட்டம் இயற்றி, நெட், அவர் தம்பி டான், ஜோ பைர்ன், ஸ்டீவ் ஹார்ட் ஆகிய நால்வரையும் சட்டத்தின் பாதுகாப்புக்குப் புறம்பானவர்களாக ஆக்கியது. இப்படி அறிவிக்கப்பட்டவரை எவரும், சரணடையச் சொல்லிக்கூடக் கேட்காமல், சுட்டுக் கொல்லலாம் என்பதே அந்நிலையின் பொருள். யுரோவாவிலும் ஜெரில்டெரியிலும் வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்ட பிறகு, விக்டோரியாவும் அண்டைக் காலனியும் சேர்ந்து அவர்கள் தலைக்கு அறிவித்த பரிசு 8,000 பவுனாக உயர்ந்தது.

1880 ஜூன் 26 இரவு, காவல்துறைக்கு உளவு சொன்னதாகக் கருதப்பட்ட ஆரன் ஷெரிட் என்ற பழைய நண்பரை ஜோ பைர்ன் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார். இச்செய்தி கேட்டுத் தனி ரயிலில் விரைந்து வரப்போகும் காவலர்களைக் கவிழ்ப்பதற்காகக் குழுவினர் கிளென்ரோவனில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, ஆன் ஜோன்ஸ் என்ற பெண்ணின் விடுதியில் ஏறத்தாழ அறுபது பேரைப் பிணைக்கைதிகளாக அடைத்துவைத்தனர். பள்ளி ஆசிரியர் தாமஸ் கர்னோ நெட் கெல்லியின் நம்பிக்கையைப் பெற்று வீடு திரும்ப அனுமதி வாங்கி, சிவப்புத் துணியின் பின்னே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பாதையில் ஓடி, முன்னே வந்த எஞ்சினை நிறுத்தியதால் ரயில் தப்பியது. ஜூன் 28 அதிகாலை மூன்று மணியளவில் தொடங்கிய துப்பாக்கிச் சூடு, பிற்பகல் மூன்று மணியளவில் காவல்துறையே விடுதிக்குத் தீ வைக்கும்வரை, இடையிடையே ஓய்ந்தும் எழுந்தும் நடந்தது. கலப்பை இரும்பால் செய்த, ஏறக்குறைய 44 கிலோ எடையுள்ள கவசம் அணிந்த நெட் கெல்லி விடியற்பொழுதில் கால்களில் சுடப்பட்டு வீழ்ந்தார். மற்ற மூவரும் விடுதிக்குள்ளேயே இறந்தனர். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று மெல்போர்ன் சிறையில் நெட் தூக்கிலிடப்பட்டார்.

நெட் கெல்லியின் வழக்கு ஸ்ட்ரிங்கிபார்க் ஓடைக் கொலையைப் பற்றியது மட்டுமே என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கிளென்ரோவனில் பன்னிரண்டு மணி நேரம் ஒரு மரவீட்டுக்குள் தரையோடு தரையாகக் கிடந்த அறுபது பேரின் அனுபவத்துக்கு அந்த வழக்கில் இடமில்லை. அந்த வீட்டுக்குள் பெண்களும் குழந்தைகளும் இருந்ததை அறிந்த பின்னும் சூடு தொடர்ந்ததா, கட்டளையிட்டவர் யார், வெளியே வர முயன்றவர்கள்மீது சுட்டவர் யார் என்ற கேள்விகள் அந்த நீதிமன்றத்தில் எழவே இல்லை. அவை எழுந்த இடம், 1881 மார்ச்சில் நியமிக்கப்பட்டு பிரான்சிஸ் லாங்மோரின் தலைமையில் கூடிய அரச ஆணையமே.

லாங்மோர் பெருநிலக்காரர்களுக்கு எதிரான அரசியலில் ஊறியவர். முன்பு காலனியின் நிலத்துறை அமைச்சராக இருந்தவர். உறுப்பினர்களுள் ஒருவரான ஜார்ஜ் வில்சன் ஹால், மான்ஸ்ஃபீல்டில் செய்தித்தாள் நடத்தியவர். கெல்லி குழுவைப் பற்றி 1879இலேயே வெளிவந்த ஒரு நூலின் ஆசிரியராகக் கருதப்படுபவர். ஆகவே ஆணையம் காவல்துறையிடம் பரிவோடு தொடங்கியது என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் அதற்கு இடப்பட்ட பணி காவல்துறையின் நடத்தையையும் அமைப்பையும் ஆராய்வதே அன்றி, விடுதிக்குள் சிக்கியவர்களுக்கு நேர்ந்த தீங்கை அளப்பது அன்று. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், பின்னால் வரும் எல்லாவற்றையும் அதுவே தீர்மானித்தது.

சாட்சியம் பதிவான முறையையும் கவனிக்க வேண்டும். சத்தியப் பிரமாணம் செய்த சாட்சியிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியும் சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு, வரிசை எண்ணோடு பதில் ஒட்டி அச்சிடப்பட்டது. அந்த எண்கள் 17,000ஐத் தாண்டிச் செல்கின்றன. கேள்வியும் பதிலும் ஒரே பத்தியில் நிற்பதால், சாட்சி தானாகச் சொன்னது எது, கேட்டவர் வாயிலிருந்து வந்து சாட்சி வெறுமனே ‘ஆம்’ என்று ஏற்றது எது என்று பிரித்தறிய இந்த அச்சு முறை இடம் தருகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே, சாட்சி சொன்னதைத் தொகுத்துத் தன் மொழியில் எழுதிவிடும் நீதிமன்றக் குறிப்புகளைவிட இது வரலாற்று மாணவருக்கு நம்பத்தக்கது. ஆனால் இன்னொன்றும் உண்டு: குற்றஞ்சாட்டப்படக்கூடிய நிலையில் இருந்த அதிகாரிகளான ஹேர், நிக்கல்சன், சாட்லியர் முதலியோர் அமர்வுகளில் இருந்து, பிற சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் அனுமதி பெற்றிருந்தார்கள். சாதாரணக் காவலர் ஒருவர், தம்மை நாளை எங்கே மாற்றுவது என்று முடிவு செய்யக்கூடிய கண்காணிப்பாளரின் முகத்துக்கு நேரே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. பிணைக்கைதிகளாக இருந்த குடியானவர்கள் சார்பில் கேள்வி கேட்க எவரும் இல்லை.

1881 மார்ச் 23 அன்று முதல் சாட்சியாக அமர்ந்தவர், முந்திய ஆண்டு ஓய்வுபெற்றுவிட்ட தலைமைக் காவல் ஆணையர் கேப்டன் ஸ்டாண்டிஷ். அவருடைய சாட்சியத்திலிருந்தே ஆணையத்தின் கவனம் ஒரு பழைய பூசலுக்குள் இழுக்கப்பட்டது. ஸ்டாண்டிஷுக்குக் கண்காணிப்பாளர் ஹேர் வேண்டியவர், துணை ஆணையர் நிக்கல்சன் வேண்டாதவர். இருவரும் மாறி மாறித் தேடுதலுக்குத் தலைமை வகித்ததால், ஒருவர் வைத்த உளவாளியை மற்றவர் நம்பாமல், ஒருவர் திட்டத்தை மற்றவர் கலைத்து, இருபது மாதங்கள் வீணாயின. இதற்கு ஒரு சான்று போதும். கலப்பைகளிலிருந்து காணாமல்போன இரும்புப் பாகங்களால் குண்டு துளைக்காத சட்டைகள் செய்யப்படுகின்றன என்று ஒரு ரகசியத் தகவலாளர் முற்றுகைக்குச் சில வாரங்கள் முன்பே எழுதியிருந்தும், தேடுதலின் தலைமையை ஏற்ற ஹேர் அதற்கு மதிப்புத் தரவில்லை. ஆணையத்தின் பக்கங்களில் பெரும்பகுதியை விழுங்கியது இத்தகைய அதிகாரிகளின் வாதமும் எதிர்வாதமுமே. இவற்றைப் படிப்பவருக்குச் சலிப்பே மிஞ்சும். அந்தச் சலிப்பின் நடுவே, ஒரு ரயில்வே தொழிலாளியும் அவர் மனைவியும் பேசத் தொடங்கும் இடம் வரும்போது, அதுவரை படித்தது எவ்வளவு வெறுமையானது என்பது விளங்கும்.

அதற்கு முன்பாக, கட்டளை யாரிடம் இருந்தது என்ற வினாவைத் தொட்டாக வேண்டும். ரயிலிலிருந்து இறங்கி விடுதியை நோக்கி ஓடிய ஹேர், முதல் சூட்டிலேயே இடது மணிக்கட்டில் காயம்பட்டு, சிறிது நேரத்துக்குள் களத்தை விட்டு அகன்று, பின்பு பெனால்லா ஊருக்கே திரும்பிவிட்டார். சாட்லியர் கூடுதல் காவலர்களுடன் வந்து சேர ஏறத்தாழ விடியற்காலை ஐந்து மணி ஆயிற்று. இடைப்பட்ட இருட்டில் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த துணை ஆய்வாளர் ஓ’கானர் தம் ஆட்களுடன் ஒரு பள்ளத்தில் இருந்தார். மற்றவர்கள் மரங்களுக்குப் பின்னால் அவரவர் போக்கில் சுட்டுக்கொண்டிருந்தனர். ஹேர் ஓ’கானரிடம் பொறுப்பை ஒப்படைத்தாரா, மூத்த காவலர் கெல்லியிடம் ஒப்படைத்தாரா (குற்றவாளிகளுக்கு உறவில்லாத, அதே குடும்பப்பெயர் கொண்டவர் இவர்), எத்தனை நிமிடம் களத்தில் நின்றார் என்பவற்றில் சாட்சியங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இம்முரண்பாட்டைப் பொய் என்று தள்ளுவது எளிது. ஆனால் இருட்டிலும் புகையிலும் நின்ற மனிதர்களுக்குக் காலம் ஒரே அளவில் ஓடியிருக்க முடியாது. ரயிலில் காவலர்களோடு வந்திருந்த ஓவியர் தாமஸ் காரிங்டன், அதிகாரியும் அல்லாமல் கைதியும் அல்லாமல் பார்த்தவர்; அவருடைய சாட்சியமும் முற்றுகையை நடத்தத் தலைமை என்று ஒன்று இருந்ததாகக் காட்டவில்லை. பன்னிரண்டு பவுண்டு குண்டு வீசும் பீரங்கி ஒன்றை மெல்போர்னிலிருந்து அனுப்பும்படி தந்தி போனதும், அது பாதி வழியில் சீமோர் வரை வந்ததும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பே கட்டளையிட்டவர்களிடம் எவ்வளவு மங்கிப்போயிருந்தது என்பதைக் காட்டுகின்றன.

ஜேம்ஸ் ரியர்டன் ரயில் பாதையைப் பராமரிக்கும் தொழிலாளி. நம் ஊர் வழக்கில் கேங்மேன். தண்டவாளத்தைப் பெயர்க்கும்படி துப்பாக்கி முனையில் கட்டாயப்படுத்தப்பட்ட இருவருள் அவர் ஒருவர். பிறகு மனைவி மார்கரெட்டோடும் குழந்தைகளோடும் விடுதிக்குள் அடைபட்டார். மார்கரெட் ரியர்டன் சொன்ன சாட்சியத்தின் உள்ளடக்கம் இதுதான்: தாம் கைக்குழந்தையோடு வெளியே வர முயன்று, தாம் பெண் என்பதைக் கூவித் தெரிவித்தும், தம்மை நோக்கிச் சூடு வந்தது, குழந்தையைச் சுற்றியிருந்த சால்வையைக் குண்டு துளைத்தது, பின்னால் வந்த மகன் மைக்கேல் திரும்பி ஓடுகையில் சுடப்பட்டு உள்ளே விழுந்தான். சுட்டவர் என்று அவர் சுட்டியது, வாங்கராட்டாவிலிருந்து வந்திருந்த சார்ஜெண்ட் ஆர்தர் ஸ்டீலை. கணவர் மற்றக் குழந்தைகளோடு உள்ளேயே கிடந்து, காலை பத்து மணியளவில் மற்றப் பிணைக்கைதிகளுடன் வெளியே வந்தார்.

ஒரு தொழிலாளியின் மனைவி சீருடை அணிந்த சார்ஜெண்ட் மீது சொன்ன குற்றச்சாட்டு தனித்து நின்றிருந்தால், அதைப் பயத்தில் குழம்பிய பெண்ணின் பேச்சு என்று ஒதுக்கியிருப்பார்கள். அது தனித்து நிற்கவில்லை. அருகில் நின்ற காவலர் ஆர்தர், வெளியே வருபவர் குழந்தையோடு கூடிய பெண் என்பதைத் தாம் கண்டதாகவும், மீண்டும் சுட்டால் ஸ்டீலையே தாம் சுடப்போவதாக எச்சரித்ததாகவும் ஆணையத்தின் முன் சொன்னார். தாம் கைகளை உயர்த்தச் சொல்லியும் பணியாதவர்மீதே சுட்டதாக ஸ்டீல் தம் பக்கத்தை விளக்கினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கீழ்நிலைக் காவலர் ஒருவர் தம் மேலாளுக்கு எதிராக, தம் பிழைப்பைப் பணயம் வைத்துச் சொன்ன சொல்லுக்கும், தற்காப்புக்காகச் சொன்ன சொல்லுக்கும் ஒரே எடை தர இயலாது. சாட்சியத்தின் நம்பகத்தன்மையை அளக்கும்போது, அதைச் சொன்னதால் சொன்னவருக்கு என்ன இழப்பு என்று கேட்பது பழைய வழக்கம். மார்கரெட்டுக்கும் காவலர் ஆர்தருக்கும் அதனால் கிடைக்கக்கூடிய ஆதாயம் எதுவும் இருக்கவில்லை.

ஆணையம் 1881 அக்டோபரில் தன் இரண்டாம் இடைக்கால அறிக்கையை அளித்தபோது, ஸ்டீலைப் பற்றிக் கடுமையாகவே எழுதி, அவரைச் சாதாரணக் காவலர் நிலைக்கு இறக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் அதற்குக் காட்டிய காரணம் மார்கரெட் ரியர்டனும் இல்லை, அவர் மகனின் உடலில் பாய்ந்த குண்டும் இல்லை. முற்றுகைக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக முன்பு, 1878 நவம்பர் 4 அன்று, குழுவினர் வாங்கராட்டாப் பாலத்தின் கீழாகச் சென்றதாக நம்பத்தக்க தகவல் கிடைத்தும் ஸ்டீல் பின்தொடரவில்லை என்பதே அவர்மீதான குற்றமாயிற்று. அன்று அவர் விரைந்திருந்தால் குழு பிடிபட்டிருக்கும், பிறகு நேர்ந்த உயிரிழப்பும் பெருஞ்செலவும் தவிர்ந்திருக்கும் என்பது ஆணையத்தின் வாதம். குற்றவாளிகளைத் துரத்தாமை குற்றமாக எண்ணப்பட்டது. குழந்தையோடு வந்தவளைச் சுட்டதாகச் சொல்லப்பட்டது எண்ணப்படவில்லை. சாட்சியம் கேட்கப்பட்டது, எண்ணிடப்பட்டது, அச்சிடப்பட்டது, முடிவில் சேரவில்லை. அறிக்கையை மட்டும் படித்துச் சாட்சியப் பதிவைப் படிக்காதவர்களுக்கு ஸ்டீல் காலந்தாழ்த்திய அதிகாரியாக மட்டுமே தெரிவார்.

சாட்லியரைப் பொறுத்தவரை, கிளென்ரோவனில் அவர் நடத்திய செயல்முறை விவேகமானதாகவோ காவல்துறைக்கு மதிப்புத் தருவதாகவோ இல்லை என்று அறிக்கை சொன்னது; கண்காணிப்பாளர்களின் பட்டியலில் அவரைக் கடைசியில் வைக்கப் பரிந்துரைத்தது. ஹேரும் நிக்கல்சனும் ஓய்வுபெற வேண்டும் என்றது. இருவரும் பின்னர் காவல் நீதிபதிகளாக நியமிக்கப்பட்டனர்.

கடுமை முழு வேகத்தோடு விழுந்தது கீழ்நிலையில் இருந்தவர்கள் மேல்தான். ஆரன் ஷெரிட் சுடப்பட்ட இரவில் அவரது குடிசைக்குள் அவரைக் காப்பதற்கும் பைர்னின் தாய் வீட்டைக் கண்காணிப்பதற்குமாக ஆம்ஸ்ட்ராங், அலெக்சாண்டர், டௌலிங், டுராஸ் என்ற நான்கு காவலர்கள் தங்கியிருந்தனர். அவர்கள் படுக்கையறையை விட்டு வெளிவராமல் விடியும்வரை கிடந்ததைப் பற்றி ஷெரிட்டின் மனைவியும் மாமியாரும் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர். இங்கே பெண்களின் சாட்சியம் முழுமையாக ஏற்கப்பட்டு, அந்நால்வரும் கோழைத்தனம் காட்டினர் என்று அறிக்கை தீர்ப்பிட்டு, ஏற்கெனவே பணி விலகிவிட்ட ஆம்ஸ்ட்ராங் தவிர மற்ற மூவரையும் பணிநீக்கம் செய்யச் சொன்னது. ஆக, பெண்கள் சொன்னதை ஆணையம் நம்பவில்லை என்ற எளிய முடிவுக்கு வர இயலாது. காவலர் சுடாமல் இருந்ததைப் பற்றிப் பெண் சொன்னபோது அது காவல்துறையின் திறமையைப் பற்றிய சான்றாயிற்று; காவலர் சுட்டதைப் பற்றிப் பெண் சொன்னபோது அதை வைப்பதற்கு ஆணையத்தின் பணி வரம்பில் ஒரு பெட்டி இருக்கவில்லை. மூடிய கதவுக்கு அப்பால் இருவர் ஆயுதத்தோடு காத்திருக்கையில் ஒரு சிறு அறைக்குள் அகப்பட்டவர்களின் நிலைமையை, வெளிச்சத்தில் மேசைமுன் அமர்ந்து கேட்டவர்கள் போதிய அளவு எண்ணிப்பார்த்தார்களா என்பதும் ஐயத்துக்குரியது.

மத்தியூ கிப்னி என்ற கத்தோலிக்கக் குருவின் சாட்சியம் வேறொரு வகையைச் சேர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் மறைமாவட்டத்தைச் சேர்ந்த அவர் ரயிலில் அவ்வழியே வந்தபோது செய்தி கேட்டுக் கிளென்ரோவனில் இறங்கி, காயமுற்ற நெட் கெல்லிக்கு இறுதிச் சடங்குக்குரிய திருவருட்சாதனத்தை அளித்தார். விடுதி எரியத் தொடங்கியபோது, உள்ளே உயிரோடு எவரேனும் இருக்கலாம் என்று தாமே தீக்குள் நுழைந்தார். பைர்னின் உடலையும், பின்னறையில் கவசம் களைந்து கிடந்த இரு இளைஞர்களின் உடல்களையும் அவர் கண்டதாகச் சொன்னதே, டான் கெல்லியும் ஸ்டீவ் ஹார்ட்டும் தீயினால் அல்ல, அதற்கு முன்பே இறந்துவிட்டனர் என்பதற்கான முதன்மைச் சான்று. அவர்கள் எரிந்து கருகிய பின் மருத்துவர் எவரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. மார்ட்டின் செர்ரி என்ற முதியவர் குண்டுக் காயத்தோடு உயிருடன் வெளியே கொண்டுவரப்பட்டு உடனே இறந்ததும் அந்நேரத்தில்தான். காயமுற்ற ஒருவர் உள்ளே கிடக்கையில் அந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள் என்ற உண்மையின் முன், தலைமை யாரிடம் இருந்தது என்ற நீண்ட விவாதம் சிறுத்துப்போகிறது.

சாட்சிக் கூண்டுக்கு வந்தவர்களை வைத்து ஆணையத்தை அளப்பதோடு, வராதவர்களையும் எண்ண வேண்டும். ஓ’கானரோடு குயின்ஸ்லாந்திலிருந்து வந்த பழங்குடி வீரர்கள், மண்ணில் பதிந்த அடித்தடத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் திறன் பெற்றவர்கள். நெட் கெல்லி எந்தக் காவலரையும்விட இவர்களுக்கே அஞ்சினார் என்று கருதப்பட்டது. முற்றுகை இரவில் அந்தப் பள்ளத்திலிருந்து அவர்களும் சூட்டை எதிர்கொண்டார்கள். ஆனால் அவர்கள் பங்கு ஓ’கானரின் வாய்வழியாகவே பெரிதும் பதிவாயிற்று. 8,000 பவுன் பரிசைப் பங்கிட அமைக்கப்பட்ட தனிக் குழு ஹேருக்கு 800 பவுனும் கர்னோவுக்கு 550 பவுனும் ஒதுக்கியது. அடித்தடம் காண்போருக்குத் தலைக்கு 50 பவுன் என்று எழுதிவிட்டு, பெருந்தொகையைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் என்ற காரணத்தால் அதை அவர்கள் கையில் தராமல் அரசுகளிடமே ஒப்படைக்கச் சொன்னது. அவர்களைக் கூப்பிட்டு என்ன கண்டார்கள், எதைக் கேட்டார்கள், யார்மீது சுடச் சொல்லப்பட்டது என்று ஒருவர் கேட்டிருந்தால், கேள்வி எண்கள் இன்னும் சில நூறு கூடியிருக்கும்.

ஆன் ஜோன்ஸின் மகன் ஜான், பதின்மூன்று வயதை ஒட்டிய சிறுவன், தன் தாயின் விடுதிக்குள்ளேயே காவல்துறையின் குண்டால் காயமுற்று, வாங்கராட்டா மருத்துவமனையில் உயிரிழந்தான். குற்றவாளிகளுக்கு அடைக்கலம் தந்ததாக அந்தத் தாயே கைதாகி வழக்கைச் சந்தித்து விடுதலை பெற்றார். எரிந்த வீட்டுக்கு இழப்பீடு கேட்டபோது வேறொரு குழு தனியே விசாரித்தது. அந்த விசாரணையின் பொருள் வீடும் அதிலிருந்த தட்டுமுட்டுப் பொருள்களும்.